நான்காவது சூடம்

மாதவியின் இரண்டு பற்களையும் டிஷ்யூ தாளில் சுற்றி எடுத்துப்போய் வழக்கறிஞர் ஹேமநாதனின் மேசைமேல் கொட்டினேன். மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதப் பண்ணுனது என் கூடப்பொறந்த தம்பி. பேரு புனிதன். எவ்ளோ பொருத்தமான பேரு பாருங்க," என்றேன்.

அவன் மனைவி மாதவி என் பக்கத்தில், வீங்கிய வாயைத் துண்டால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடிக் கொடுக்கத் தாமதமாகிவிட்டதாம். தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதியிருக்கிறான். ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை.

ஹேமநாதனை ஏன் தேடிப்போனோம் என்றால், புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா பேனரில் வருஷா வருஷம் அம்மனுக்குப் பக்கத்தில் அவர் படம்தான் சிரிக்கும். தோட்டத்துக்குத் தெரிந்த ஒரே லாயர் அவர். அவரோ, "நான் வீடு, நெலம் வாங்குற விக்கிற அக்ரிமெண்ட்தாம்மா செய்வேன். அடிதடி கேசுக்குக் கோர்ட்டு படி ஏறுனதே இல்ல," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் பேனரில் போட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஆனாலும் நல்ல மனிதர். பற்களைப் பத்திரமாகச் சுற்றி மாதவியிடம் கொடுத்தார். "இதுக்கு இப்ப லாயரே வேணாம். கெபாஜிக்கான் ஆபீசுக்குப் போங்க. அங்க இருக்குற சமூகநல அதிகாரியே பாதுகாப்பு உத்தரவு குடுப்பாங்க. அப்புறம் அவன் தொட்டா உள்ளதான். ஒண்ணு மட்டும், சமாதானம் கிமாதானம்னு போயிடாதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எங்கள் தோட்டத்தில் நீதி சூடத்தில்தான் நடக்கும். மாதவி இதற்கு முன் மூன்று முறை போலீசில் புகார் கொடுத்தவள். மூன்று முறையும் கோயில் தலைவர் மணியம் இருவரையும் சன்னதியில் நிறுத்தினார். புனிதன் தட்டில் சூடம் ஏற்றி, "ஆத்தா மேல சத்தியம், இனி கை வைக்க மாட்டேன்," என்று நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைப்பான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாதவி போய்ப் புகாரை மீட்டுக்கொள்வாள். சூடம் அடித்த அதே கை கொஞ்ச நாளில் அவள் கன்னத்தில் இறங்கும்.

போலீசில் நான்காவது முறையாகப் புகார் கொடுத்தோம். போர்ட்டிக்சன் கெபாஜிக்கான் ஆபீசில் அன்றைக்கே உத்தரவு கிடைத்தது. போலீஸ் அதை அவன் கையில் கொடுத்துவிட்டது. மாதவியை நீலாயில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். மறுநாளே மணியம் போனில் கூப்பிட்டார்.

"ரோகினி, தோட்டத்து மானமே போவுது லா. ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளையக் கோயிலுக்குக் கூட்டியா. அவன் சூடம் அடிக்கிறேங்குறான்."

முடியாது என்று கத்தினேன். மாதவிதான் போனை வாங்கி வருகிறேன் என்றாள்.

"லாயரு சொன்னது காதுல ஏறலையா?"

"கோயில்காரங்க முன்னாலதான் மூணு வாட்டியும் தலையாட்டுனேன், அண்ணி. முடிஞ்சிருச்சுன்னு அவங்க முன்னாலயே சொல்லணும். இல்லாட்டி சாவுற வரைக்கும் அவன்கூடத் திருப்பித் திருப்பி அனுப்புவாங்க."

கிளம்பும் முன் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

கோயிலில் நல்ல கூட்டம். புனிதன் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் நின்றான். பக்கத்தில் எங்கள் அம்மா. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சூடம் எரிந்தது. அவன் கையை ஓங்கும் முன் மாதவி எட்டிப் பித்தளைத் தட்டைப் பிடுங்கினாள்.

"ஆத்தா மேல சத்தியம். இந்த வாட்டி ரிப்போர்ட்டத் திரும்ப எடுத்துக்க மாட்டேன். யாரு சொன்னாலும் மாட்டேன்."

வலது கையில் தட்டு இருந்ததால் இடது கையால் ஓங்கி அடித்தாள். நெருப்பு அணைந்தது. "எடது கையிலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதுதான் அவர்கள் கவலை.

புனிதன் அவள் வலது கையைப் பிடித்து முறுக்கினான். கரும்பை ஒடிப்பதுபோல் சத்தம் கேட்டது. அவள் விழுந்ததும் விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். ஒருத்தரும் அசையவில்லை. கீழே உருண்ட தட்டை எடுத்து என் தம்பியின் முகத்தில் அறைந்தேன். மூக்கு உடைந்து ரத்தம் மணியத்தின் சட்டையில் தெறித்தது. சொன்னால் பாவம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்து நெரித்தான். கண் இருட்டும்போதுதான் மணியம், "டேய், விடுடா!" என்று பாய்ந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

போலீஸ் வந்தது. "ஹால் கெலுவார்கா, தூவான்," குடும்ப விஷயம் ஐயா என்று மலாயில் வழக்கம்போல ஆரம்பித்தார் மணியம். போலீஸ் அதிகாரி உத்தரவை விரித்துக் காட்டி, அவன் அவளைத் தொட்டதைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். மணியம் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"நம்பாக்," என்றார். அதாவது, பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுதினார்கள். மாதவியின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. சூடம் சுட்ட கொப்புளத்தோடு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

என் போன் அடித்தது. அம்மா.

"ஒன் தம்பிய நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்டி. பேனர்ல இருக்காரே அந்த லாயரு, அவரு நம்பரு குடு."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். மாதவியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். நம்பரைக் கொடுத்தேன். அவர் வீடு விற்கிற அக்ரிமெண்ட் எழுதுகிறவர் என்று மட்டும் சொல்லவில்லை.