ஆயுத பூஜையன்று நின்ற வண்டி

ஜமாலுதீன் பாய் என் மெக்கானிக் பட்டறை வாசலில் வந்து நின்றார். ஏழு வருடமாக அவரைக் கண்டால் அடுத்த தெருவில் வண்டியைத் திருப்புகிறவன் நான். கடலூர் என்ன அவ்வளவு பெரிய ஊரா? எத்தனை நாளைக்குத் திருப்ப முடியும்.

"கொளஞ்சி, அஃப்சல் வண்டிய ஸ்டார்ட் பண்ணித் தரணும்," என்றார். "விக்கிறதுக்கு இல்ல. அன்னைக்கு அது ஏன் ஸ்டார்ட் ஆவலன்னு எனக்குத் தெரியணும். சைதுன் கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

அவர் மனைவி சைதுன் பீவி இறந்து நாலு மாதம் ஆகிறது. அஃப்சல் அவர்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு வயதில் தேவனாம்பட்டினம் பீச்சில் ஆட்களை ஏற்றி ரவுண்டு அடிக்க, சிதம்பரம் பக்கத்து அண்ணாமலை நகரில் ஒருவரிடம் பழைய ஏடிவி ஒன்று வாங்கினான். குண்டு டயர் போட்டு மணலில் ஓடுகிற நாலு சக்கர பைக். வாங்கிப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை, ஆயுத பூஜை வந்தது. லீவு நாள், பீச்சில் கால் வைக்க இடமில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. விற்றவரையே கையோடு கூட்டிவர, நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் பறந்தான். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரி. அவ்வளவுதான்.

இது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நினைத்திருந்தது இன்னொன்று. கிளம்புவதற்கு முன்னால் அவன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, செல்ஃப் சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. ஒரு நடை வந்துட்டுப் போண்ணே."

"டூல்ஸ் எல்லாம் பூஜையில இருக்குடா. நாளைக்குக் காலையிலதான் எடுப்பேன்."

"இங்க கூட்டம் நிக்குதுண்ணே."

"கூட்டம் நின்னா நான் சாமி குத்தத்துக்கு ஆளாவணுமா? போனை வை."

வைத்துவிட்டான். ஸ்பேனருக்குப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் வரை தொடக்கூடாது. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். அதில் தப்பில்லை. ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லையே. நாலு கேள்வி கேட்டிருக்கலாம். என் வாய் அன்றைக்குப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தது.

வண்டி தேவனாம்பட்டினத்தில் ஒரு ஷெட்டில் இருந்தது. பாய் பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டார். தார்ப்பாயை நான்தான் இழுத்தேன். பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் அவர் போர்த்தியது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. நாலு டயரும் காற்றுப் போய்ச் சப்பிக் கிடந்தன. ஆனால் என் கண் போனது ஹேண்டிலுக்கு. அங்கே ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு, அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்துவதற்கு. அது ஆஃபில் இருந்தால் செல்ஃப் சுற்றும், பிளக்கில் பொறி மட்டும் வராது.

அது ஆஃபில் இருந்தது.

அஃப்சலின் பழைய பைக்கில் இந்தச் சுவிட்சே கிடையாது. அவன் எங்கே கண்டான். சிவப்பு சுவிட்சைப் பாருடா. மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவனுக்கு வயது முப்பத்துமூன்று. பாய் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சுவிட்சை ஆனுக்குத் தள்ளினேன்.

மூன்று நாள் வேலை. டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஏர் ஃபில்டரில் எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. புது பேட்டரி போட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் பழையதுதான், அதிலேயே நீலமாகப் பொறி வந்தது. கொஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது. வேறு எந்தக் கோளாறும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இன்ஜின் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. பாய் எழுந்து உள்ளே வந்தார்.

"என்ன கோளாறு?"

"காயில் வெந்து போச்சு பாய். உள்ளுக்குள்ள. புதுசு வாங்கி மாத்தாம எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

வேறு ஏதோ வண்டியின் செத்த காயில் ஒன்றைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதைக் கையில் கொடுத்தேன். அவருக்காக இல்லை, எனக்காகத்தான் அந்தப் பொய்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு நீ வந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது."

நான் ஸ்பேனர்களை எடுத்துப் பையில் போடத் தொடங்கினேன்.

"அவன் போன்ல கடைசி நம்பர் உன்னுதுதான், கொளஞ்சி. போலீஸ்காரங்க குடுத்தப்பவே பார்த்தேன். சைதுன்கிட்டகூட சொல்லல. ஏதாவது சாபம் விட்டுடுவா. பெத்தவ வாயிலேர்ந்து வர்றது உனக்கு வேணாம்னு பார்த்தேன்." காயிலைக் கைக்குட்டையில் சுற்றினார். "வெள்ளிக்கிழமை கபர்ஸ்தானுக்குப் போறப்ப அவகிட்டச் சொல்லிடுறேன். யார் மேலயும் தப்பு இல்ல."

நான் அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம் ஹேண்டில் பக்கம் போய், பார்க்காமலேயே, கட்டைவிரலால் அந்தச் சிவப்பு சுவிட்சைத் தள்ளினார். இன்ஜின் நின்றது. சாவியையும் திருப்பி எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் ஹேண்டிலைத் துடைத்தார்.

"குவைத்துல இந்த மாதிரி வண்டிய வாடகைக்கு விடுற எடத்துல பத்து வருசம் கழுவிப் போட்டிருக்கேன்," என்றார். "கழுவி நிறுத்துனா இத ஆஃப் பண்ணிடணும்னு அங்க கண்டிசன். கை தானா போவுது. ஆயுத பூஜைக்கு முந்துன நாள் சாயந்திரம் மொத தடவையா இத நான்தான் கழுவி நிறுத்துனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாம் பாய்," என்றேன். "காயில் எப்பப் போவும்னு யாராலயும் சொல்ல முடியாது."

கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். நாளைக்கே தனியாக வந்து சாவியைப் போட்டுப் பார்த்தாலும் பார்ப்பார்; செல்ஃப் மட்டும் சுற்றினால் அவருக்குப் புரிந்துபோகும். சுவிட்சை மறுபடி ஆனுக்குத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை மூடினேன்.