இரண்டு ரயில்வே கேட், ஒரு ரோந்து வண்டி

1

இந்தக் கதையை நான் அக்காவிடமிருந்துதான் பிடுங்கினேன். அவள் அவசர உதவி மையத்தில் ஃபோன் எடுப்பவள்; நான் துப்பறியும் கதை எழுதிப் பிழைப்பவன். போன செவ்வாய் மதியம் வந்த ஓர் அழைப்பைச் சொல்லிவிட்டு, "எழுதித் தொலை" என்றாள்.

2

'கார் டிக்கியின் கும்மிருட்டில் அவள் கண் விழித்தபோது'

(வேண்டாம். டிக்கிக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஹெட்செட்டில் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.)

"டிக்கியில போட்டுப் பூட்டிட்டாங்க. யாருன்னு தெரியல."

"மெதுவா பேசும்மா. நான் இருக்கேன். வெளிய என்ன கேக்குது?"

"கார் நின்னுடுச்சு. ரயில் போகுது. ரொம்பப் பக்கத்துல."

செல்ஃபோன் டவர் காட்டிய வட்டத்துக்குள் ஒரே தண்டவாளத்தில் இரண்டு கேட்: பள்ளிக்கூடத்தருகே ஒன்று, பழைய மில் பக்கம் ஒன்று. ரோந்து வண்டியோ ஒன்றுதான். அக்கா அதை மில் கேட்டுக்கு அனுப்பினாள். லைன் அறுந்தது.*

* அதன்பின் அது வேறு மேசையின் வேலை. அடுத்து அவளுக்கு வந்தது லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர். ஃபோன் எடுக்கத் தாமதம் என்று திட்டித் தீர்த்தாராம்.

3

ஏன் மில் கேட்? என் கதையில் ஃபோன் எடுக்கும் நாயகி ரயிலின் ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். படித்துவிட்டு அக்கா தாளை என் மேலேயே போட்டாள்.

"அந்தப் பொண்ணு மூச்சு விடுறது காதுல கேக்குது. யோசிக்க எங்கடா நேரம்? ஏதோ வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

4

முடிவு ஒன்று: மில் கேட்டில் டிக்கி திறக்கிறது.

முடிவு இரண்டு: மில் கேட்டில் ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு சைக்கிளும் மட்டும். பள்ளிக்கூடத்தருகே கேட் மேலே எழும்புகிறது, அந்தக் கார்

(இதற்கு மேல் கை வரவில்லை.)

நடந்தது என்னவென்று விசாரித்தால் போயிற்று என்பீர்கள். காவல் நிலையத்துக்கு ஒரு ஃபோன் போதும். ஆறு நாளாக அக்கா போடவில்லை. தட்டில் கை வைத்தவள் அப்படியே எழுந்து போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"நீ முதல்ல நல்லபடியா முடி. அப்புறம் நான் கேக்குறேன்."

"கதைக்கும் நடந்ததுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லைன்னு எனக்கு மட்டும் தெரியாதா? முடிடா."

5

இப்போது அறை வாசலில் வந்து நிற்கிறாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்க்கா," என்று புளுகினேன். "வண்டி போய்ச் சேந்துடுச்சு."

எந்தக் கேட் என்று அவள் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து காவல் நிலைய எண்ணை அழுத்திவிட்டாள். ரிங் போவது எனக்கே கேட்கிறது. என் தாளில் கடைசி வரி இன்னும் காலி. நீங்களாவது எழுதுங்கள், அங்கே யாராவது எடுப்பதற்குள்.