சீனி போடாத டீ

ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட கணவரின் சட்டையை மடிக்கப் போனவள், வழக்கம்போல முதலில் அதன் பையில் கையை விட்டாள். ஒரு பேனா, பயிற்சிக்கு வருகிறவர்களின் நேரம் எழுதிய சீட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி. பையின் மூலைவரை விரலால் துழாவிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. ஆள் கூடத்தில் கிடக்கிறார். இன்னும் என்ன சோதனை வேண்டிக் கிடக்கிறது?

கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னம்மா தேடுற? மிட்டாய்க் காகிதமா?”

கேட்டுவிட்டு மகளே அழத் தொடங்கினாள். இவளுக்கு அழுகை வரவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கோபம்தான். சொல்லச் சொல்லக் கேட்காமல், திருட்டுத்தனமாய்த் தின்று தின்று, இப்படி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரே மனுஷன் என்ற கோபம்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எல்லாருக்கும் மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருஷம் அதில் கால் வைத்துப் பழகி, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். நேற்றுக் காலை ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது, “ஓரமா எடும்மா” என்று சொல்லி, தானே பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, அப்படியே கதவோரம் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைகளைச் சரிபார்க்கிறவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை கையில் ஏறி இறங்கும். தையல் விட்டிருந்தாலும் பொத்தான் கோணியிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை வெளியே போகாது என்பது ஆலையில் பேச்சு. அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “சீனி இல்லாம டீயா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரில்ல இருக்கும்” என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகிவிட்டது. சீனிதானே கூடாது, டீயாவது ருசியாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைத்துப் பாலைக் கூட்டினாள். கோப்பையும் பெரிதானது. காலையில் எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் போகும்போது ஃபிளாஸ்க் நிறைய, சாயங்காலம் வந்ததும் ஒன்று. “இதுல சீனி இல்லைன்னா யாரு நம்புவா!” என்று சப்புக்கொட்டிக் குடிப்பார். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவர் டீ குடித்து, முகம் மழித்து வந்து உட்கார்ந்ததும் விரலைக் குத்தி, கையடக்க மெஷினில் சர்க்கரை அளவைப் பார்ப்பாள். நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று ஐந்து. இன்னும் பல்லில் ஒன்றும் படவில்லை, வெறும் வயிறு. டீயில் சீனியும் இல்லை. பிறகு எப்படி ஏறும்?

“என்ன தின்னீங்க?”

“ஒண்ணும் தின்னலையே.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா?”

“அது எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்லலை.”

சட்டைப் பை, தலையணை உறை, காரின் டேஷ்போர்டுப் பெட்டி என்று ஓர் இடம் விடாமல் தேடினாள். ஒரு துண்டு மிட்டாய் கிடைத்ததில்லை. கிடைக்காததால் சந்தேகம் இன்னும் வலுத்தது. பலே ஆள், தடயமே இல்லாமல் தின்கிறார் என்று முடிவுகட்டினாள். குறித்து வைத்த நோட்டை டாக்டரிடம் காட்டினாள். அவரும் புரட்டிப் பார்த்துவிட்டு, “வாயைக் கட்டணும் மாஸ்டர்” என்றார். சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவருடைய அக்கா அவருக்கு ‘எறும்பு’ என்று பேரே வைத்துவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் பேச்சை நிறுத்தினாள். டீயைக் கொண்டு வந்து ‘டக்’ என்று வைப்பாள், போய்விடுவாள். பத்தொன்பது நாள். இருபதாவது நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து நின்றார்.

“ஆமா. நான்தான் தின்னேன்.”

“எதை?”

“லைசென்ஸ் கிடைச்சா பசங்க மிட்டாய் கொடுப்பாங்கல்ல, அதை.”

“எத்தனை?”

கொஞ்சம் யோசித்தார். “நாலு.”

“தினமுமா?”

“தினமும். இனிமே தொடமாட்டேன். பேசு.”

பேசினாள். அன்றைக்கே மகளையும் நாத்தனாரையும் கூப்பிட்டு, “ஒத்துக்கிட்டாருல்ல!” என்று வெற்றி முழக்கம் செய்தாள். மறுநாள் காலை டீயில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. முழுக்கப் பால். அளவு அப்போதும் இறங்கவில்லை. “கொஞ்ச நாள் ஆகும்போல” என்று அவரே சொன்னார்.

மடித்த சட்டையை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மூக்கைச் சிந்தியபடி, “போற இடத்துலயாவது எறும்பு நிம்மதியா தின்னட்டும்” என்றார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தும் விட்டார்கள். அவள் சமையலறைக்குப் போனாள்.

மேல்வீட்டு நர்ஸ் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். கோப்பைகள் போதாமல் அலமாரியைத் துழாவியவள் அவருடைய கோப்பையை எடுத்தாள்.

“அம்மாடி, இதுலயா மாஸ்டர் குடிப்பார்?”

“ஆமா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல ஃபிளாஸ்க்ல. எல்லாம் சீனி போடாததுதான்.”

“இவ்வளவு டீயா?”

“டீத்தூள் பேருக்குத்தான். வெறும் பால். தண்ணியே ஊத்தமாட்டேன்.”

நர்ஸ் அடுப்பைத் தணித்தாள். “காலையில சர்க்கரை பாப்பீங்களே, அது இதைக் குடிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“அப்புறம்தான். ஆனா வெறும் வயிறு.”

“பால் குடிச்சா அது வெறும் வயிறு இல்லைக்கா.”

“சீனி இல்லையேம்மா.”

“பால்லயே சீனி இருக்கும்.”

“யார் போட்டது?”

“யாரும் போடுறதில்லை. பாலோட சேர்ந்து வர்றது. ஒரு வாய் ரெண்டு வாய்னா ஒண்ணும் தெரியாது. இவ்வளவு பெரிய கோப்பை நிறையக் குடிச்சுட்டுப் பாத்தா ஏறித்தான் காட்டும்.”

அவள் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “வேற ஒண்ணுமே தின்னாமயும் இருநூறு வருமா?”

“அவருக்கு இருந்த நோய்க்கு வரலாம்க்கா.” நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறிக் கையைப் பிடித்தாள். “ஐயோ, நீங்க கொடுத்த பாலால போயிட்டார்னு நினைச்சுடாதீங்க. பிரஷர், சிகரெட்டுன்னு ஆயிரம் காரணம் இருக்கு. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க.”

அதை அவள் கேட்கவே இல்லை. எதால் போனார் என்பதில் இப்போது அவள் மனம் நிற்கவில்லை. பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த இளைய மாஸ்டரைத் தேடிப் பிடித்தாள். அவருடன் ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவன்.

“பசங்க கொடுக்கிற மிட்டாய் எல்லாம் அவர் தின்பாரா? உண்மையைச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்.”

“மாஸ்டரா? தொடவே மாட்டார்க்கா. எல்லாத்தையும் எங்கிட்டத் தள்ளிடுவார். ‘எனக்குத் தினமும் காலையில டெஸ்ட் இருக்குடா, ரெண்டு வருஷமா பாஸே ஆகலை’ம்பார்.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஒரு தடவை மட்டும் விசாரிச்சார். ‘ஏன்டா, நாம மிட்டாய் தின்னா ஒரு நாளைக்கு எத்தனை தின்னுவோம், மூணு நாலு இருக்குமா?’ன்னு. எதுக்கு மாஸ்டர்னு கேட்டேன். வீட்டுல சொல்லணும்னு சிரிச்சார்.”

அவள் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். நாலு என்று சொல்வதற்கு முன் அவர் யோசித்தது ஞாபகம் வந்தது. வெட்கத்தில் தயங்குகிறார் என்று அன்றைக்கு நினைத்தாள். தன்னிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், கணக்குத் தப்பிவிடக் கூடாதென்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்லியிருக்கிறார். பாவி, நான் பேச வேண்டும் என்பதற்காக. எத்தனை தடவை உண்மையைச் சொன்னார், ஒரு தடவை நம்பினேனா? பொய்யை மட்டும் நம்பினேனே. தலையில் அடித்துக்கொண்டாள். இளைய மாஸ்டர் தண்ணீர் கொண்டுவர ஓடினான்.

எழுந்து நேரே நாத்தனாரிடம் போனாள்.

“அண்ணி, அவர் தின்னலை.”

“எதைம்மா?”

“எதையும். சீனி, மிட்டாய், ஒண்ணையும் தொடலை. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

நாத்தனார் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “விடு. தின்னா தின்னுட்டுப் போறான். இருந்தவரைக்கும் ஆசைப்பட்டதைத் தின்னான்னு நாங்க சந்தோஷப்பட்டுக்கிறோம். அதுக்காக யாரு அவனைக் குறை சொல்லப் போறா?”

“இல்லை அண்ணி, அவர் நிஜமாவே...”

“சரி சரி. அழுதுடு.”

மகளிடம் சொன்னாள். மகள் அவள் கன்னத்தைத் தடவி, “அப்பாவை நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம்மா” என்றாள். கூட்டத்தில் எல்லாரும் மன்னித்திருந்தார்கள். ஒருவருக்கும் அவர் மேல் மனத்தாங்கல் இல்லை. இவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

“கடைசியா ஒரு தடவை பாத்துக்கோம்மா” என்றார் நாத்தனார்.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“ஏங்க ஒத்துக்கிட்டீங்க?”

“என்னம்மா கேக்குற? யாரு எதை ஒத்துக்கிட்டா?” என்றார் நாத்தனார்.

அவள் திரும்பவில்லை. “உங்களைத்தான் கேக்குறேன். ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

தூக்க வந்தவர்களில் ஒருவர் மெல்லக் கையை நீட்டினார். அவள் ஒரு கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள். நாலு பேரும் குனிந்தபடியே நின்றார்கள். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.