பதினேழு மலை

கார்த்திகை பிறக்க ஒரு நாள் இருந்தது. கிருஷ்ணராஜ் கட்டுகஸ்தோட்டையில் இருந்த தன் மின்சாமான் கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு, கண்டிக்கு வந்து கலஹா பஸ்ஸில் ஏறினான். கலஹாவில் இருக்கும் அழகமுத்துவைப் பார்த்து ஏழு வருஷமாகிவிட்டது.

நாளைக் காலை கோயில் மண்டபத்தில் கிருஷ்ணராஜுக்கு ஐயப்ப மாலை போடுவார்கள். பதினெட்டாவது மாலை. இந்தத் தடவை தென்னங்கன்றோடு சபரிமலை ஏறி இறங்கினால் அவன் குருசாமி. அதன்பிறகு மற்றவர்களுக்கு மாலை போடுவது, இருமுடி கட்டுவது, மலைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவன் பொறுப்பு. இப்போதைய குருசாமி திவாகரன் கொழும்புக்குக் குடிபோகிறார். மண்டப வாசலில் பேனர் கட்டியாயிற்று. அதில் கிருஷ்ணராஜின் முகம் திவாகரனின் முகத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் இருந்தது. மனைவி பிரேமிளா அதைப் படமெடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள்.

மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பேராதனை தாண்டி பஸ் மேலே ஏறத் தொடங்கியது. இதே வழியில்தான் அழகமுத்து இருபத்தாறு வருஷம் கொண்டக்டராக இருந்தார். கிருஷ்ணராஜ் அவரை முதலில் கண்டதும் இந்த பஸ்ஸில்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. சட்டைக்கு மேலே துளசி மாலை தெரிய அவர் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஏறிய ஒரு ஆள் கிருஷ்ணராஜின் காலில் கிடந்த சப்பாத்து மேலேயே வாந்தி எடுத்தான். பஸ்ஸே அவனை ஏசியது. அழகமுத்து அடுத்த தரிப்பில் இறங்கி, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் பிடித்துவந்து தானே கழுவினார். சப்பாத்தையும் கழுவினார். அந்த ஆளை அவன் ஊரில் கைபிடித்து இறக்கிவிட்டு, "பார்த்துப் போங்க சாமி" என்றார். மாலை போட்டவருக்கு எல்லோரும் சாமிதான். ஆனால் அந்தச் சொல்லை அப்படி ஒருவர் சொல்லி அவன் கேட்டதில்லை.

இறங்கும்போது கேட்டான். "நானும் உங்களோட மாலை போடலாமா?"

"அவசரப்படாதீங்க. ஒரு வருஷம் என்னைய நல்லா பாருங்க. புடிக்கலன்னா வேற ஆள் இருக்கு."

அடுத்த கார்த்திகையில் போட்டான்.

அந்த நாட்கள் இப்போது பஸ் ஜன்னலில் மூடுபனி மாதிரி வந்து வந்து போயின. கண்டி ஸ்டேஷனில் கறுப்பு உடுத்திய பதினான்கு பேர். கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் எல்லோருமாகச் சரணம் போடுவார்கள். சுரங்கம் அதை இரண்டு மடங்காகத் திருப்பித் தரும். பெட்டியில் இருக்கும் சிங்களப் பிள்ளைகள் கைதட்டும். இப்போது ஏசி பஸ்ஸில் நேரே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறார்கள்.

அழகமுத்து சமைப்பார், கடைசியில் சாப்பிடுவார். எதையாவது கேட்டால் பாதிக்கு மேல் "தெரியாது சாமி, மேல போய் கேட்டுக்கங்க" என்பார். வழியெல்லாம் மற்றக் குருசாமிகள் கூட்டத்துக்கு முன்னால் நடப்பார்கள். இவர் கடைசியில் நடப்பார். யாருக்குச் செருப்பில்லாத கால் வெடித்திருக்கிறது, யார் அழுகிறார் என்பது பின்னால் வருகிறவருக்குத்தான் தெரிந்தது. குருசாமி என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும். "இன்னும் பதினெட்டு ஆகல. ஆனப்புறம் பார்ப்போம்."

அவருடைய பதினெட்டாவது வருஷம் கிருஷ்ணராஜின் அப்பா இராமையாவும் மாலை போட்டார். அப்பாவுக்கு விசா பிந்தியது. மற்றவர்கள் திவாகரனோடு முன்னால் போய்விட, அழகமுத்து இவர்கள் இருவருக்காகவும் ஒரு வாரம் தங்கினார். மூன்று பேராகப் போனார்கள். பம்பையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலில் போட்டார்கள். யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார்கள்.

கிருஷ்ணராஜ் தலையிலிருந்த இருமுடியை இறக்கவில்லை.

அழகமுத்து அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் இருமுடியை இறக்கினார். அதிலிருந்த நெய்த்தேங்காயையும் தென்னங்கன்றையும் அவன் கையில் கொடுத்தார். "என்னோடதையும் சேர்த்துக் குடுத்திருங்க சாமி. நான் அப்பாவோட இருக்கேன்."

கிருஷ்ணராஜ் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா பிழைத்து, இன்னும் மூன்று வருஷம் இருந்தார்.

அடுத்த கார்த்திகைக்கு முன் கோயிலில் கூட்டம் வைத்தார்கள். யார் குருசாமி என்று பேச்சு. எல்லோரும் அழகமுத்து என்றார்கள். திவாகரன் எழுந்து, முறைப்படி ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"அவர் பதினெட்டாம்படி ஏறினாரா, இல்லையா?"

கூடப் போனவன் கிருஷ்ணராஜ். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஏறல," என்றான்.

அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு ஏறின மகன் யார்? மூலையில் உட்கார்ந்திருந்த அழகமுத்து, "சாமி சொல்றது சரி. எனக்குப் பதினேழு தான்" என்று சொல்லிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்து போனார். பிறகு முழங்கால் விழுந்துவிட்டது. மலைக்குப் போகவே இல்லை.

கலஹாவில் இறங்கி அவன் நடந்து போனபோது, அழகமுத்துவின் மனைவி சீதா வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவனைக் கண்டும் எழவில்லை.

"யாரு, பேனர் சாமியா? போட்டோவ பிரேமிளா எனக்கும் அனுப்பினா. மூக்கு நல்லா விழுந்திருக்கு."

"அண்ணே இருக்காரா அக்கா?"

"எங்க போவாரு? மலைக்கா போவாரு?"

அழகமுத்து வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் அடைத்திருந்த சேற்றை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்தார். நரைத்திருந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. "அடடே. கால பார்த்து வை, வழுக்கும்."

பிளேன்டீ வந்தது. கிருஷ்ணராஜ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கு நீங்க வந்து எனக்கு மாலை போடணும்."

"எத்தனையாவது?"

"பதினெட்டு."

"அதுக்குப் பதினேழுக்காரன் எதுக்கு? திவாகரன் சாமி போடட்டும். நல்லா போடுவாரு. மந்திரமெல்லாம் தப்பில்லாம வரும்."

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"நீ பொய் சொல்லலியே."

"உண்மையும் சொல்லலியே."

"ஏழு வருஷம் ஆச்சு, இத சொல்ல," என்றாள் சீதா, கதவுக்கு உள்ளேயிருந்து.

"நீ சும்மா இரு." அழகமுத்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே," என்றான் கிருஷ்ணராஜ். "யார்கிட்டயும் சொல்லல. திவாகரன் சாமிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அழகமுத்து கானைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது.

"அன்னைக்கு ஒங்கப்பா முழிச்சதும், மகன் எங்கன்னு கேட்டாரு. ஒங்களுக்காக வேண்டிக்கத்தான் மேல போயிருக்கான்னு சொன்னேன். மனுசன் சிரிச்சாரு பாரு. பக்கத்து கட்டில்காரன் மலையாளம். அவனையும் எழுப்பி, கையால மலையக் காட்டி, மகன் மகன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் நான் ஊருக்கு வந்து வேற மாதிரி சொல்ல முடியுமா?"

கிருஷ்ணராஜ் கோப்பையைக் கீழே வைத்தான். அப்பா சாகும்வரை அந்த மலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் தோளைத் தட்டியது ஏன் என்று இப்போது விளங்கியது. அதைக் குத்தல் என்று அவன் நினைத்திருந்தான்.

"அப்ப நாளைக்கு வரமாட்டீங்க."

"முழங்கால் இருக்கிற இருப்புக்கு நான் எங்க வாறது? இங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால சின்னக் கோயில் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் அங்க தான் போட்டுக்குவேன். நாப்பத்தொரு நாள். அது போதும்." பிறகு, "குளிர் ஏறுது. அஞ்சு மணி பஸ்ஸ விடாத," என்றார்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. புதிதாக மாலை போட வந்தவர்கள் முன்வரிசையில் தரையில் இருந்தார்கள். பட்டு விரித்த கதிரையில் திவாகரன். கிருஷ்ணராஜைக் கூப்பிட்டு, மைக்கில் அவன் பேரைச் சொல்லி, மாலையைக் கையில் எடுத்தார்.

"சாமி, ஒரு நிமிஷம்."

கிருஷ்ணராஜ் மைக்கை வாங்கினான். பெண்கள் பக்கத்தில் பிரேமிளா ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்ன இதே எடத்துல ஒரு கேள்வி கேட்டீங்க. அழகமுத்து சாமி படி ஏறினாரான்னு. ஏறலன்னு சொன்னேன். ஏன் ஏறலன்னு சொல்லல." மூச்சு எடுத்தான். "எங்கப்பா பம்பையில ஆஸ்பத்திரியில கெடந்தாரு. நான் தான் இருந்திருக்கணும். நான் இருமுடிய இறக்கல. அவரு இறக்கினாரு. அவரோட நெய்யையும் கன்னையும் நான் தான் கொண்டுபோனேன். அவ்வளவு தான்."

பிரேமிளாவின் ஃபோன் மெதுவாக இறங்கியது. யாரோ இருமினார்கள்.

திவாகரன் மாலையைத் தட்டில் வைத்தார். கதிரையை விட்டு எழுந்தார். பேசும்போது மைக்கைத் தேடவில்லை.

"அன்னைக்கு நானும் கேள்விய பாதியில நிறுத்திட்டேன் சாமி." தட்டோடு மாலையை அவனிடம் நீட்டினார். "கலஹாவுக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு."

பிரேமிளா வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "இத என்கிட்ட கூட சொல்லலியே," என்றாள். பிறகு அவன் சட்டைப்பையில் இருந்து வெளியே தொங்கிய மாலையை உள்ளே தள்ளி, பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் இருந்த கோயில் ஒரு அறை அளவுதான். தகரக் கூரை. அழகமுத்து கறுப்பு வேட்டியில், ஈரத் தலையோடு, விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் பழைய துளசி மாலை. அவருக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கிருஷ்ணராஜ் பீலியில் குளித்தான். தண்ணீர் உயிரை எடுத்தது. வந்து வரிசையின் கடைசியில் நின்றான்.

அவன் முறை வந்தது. சட்டைப்பையில் இருந்த மாலையைக் கொடுத்தான். அழகமுத்து எத்தனையாவது என்று கேட்கவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் என்னைய பாருங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா சாமி?"

"இருக்கு சாமி. பதினெட்டு வருஷமாச்சு."

"அவசரப்படாதீங்கன்னு சொன்னது தான். அதுக்குன்னு இவ்வளவா?"

வாசலில் சீதா சிரிக்கும் சத்தம் கேட்டது. கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்தான்.