இரண்டு அங்குலம்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வழியை மறித்துக்கொண்டு மோட்டார் பைக் ஒன்று நின்றிருந்தது.

"யாருதுப்பா இது? ஹேண்டில் லாக் போட்டுக்கீது. கொஞ்சம் நவுத்துங்க," என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

சாவி சிநேகாவிடம்தான் இருந்தது. உள்ளே பாயில் கிடத்தியிருந்த நைனாவின் காலடியிலிருந்து எழுந்து வந்தாள். பூட்டைத் திறந்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, இடுப்போடு அணைத்தபடி வண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். உயரமான வண்டி. கட்டை டயர்கள் இரண்டும் மணலில் அழுந்தித் தடம் போட்டன. பந்தல்காரர்களும் துக்கத்துக்கு வந்திருந்த தெருப் பெண்களும் அவளையே பார்த்தார்கள்.

"அப்பனும் பொண்ணுமா சேந்து கட்ன வண்டி. ஒரு தபா ஓட்டிப் பாக்கக்கூடக் குடுத்து வைக்கல எங்கண்ணனுக்கு," என்று அத்தை ரெஜினா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

சிநேகா வண்டியை முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா ஓட்டிப் பார்த்திருந்தார். அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள்.

நைனா மோசஸ், நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பம்பு பார்க்கிற வேலை. குள்ளமான மனிதர், ஐந்தடிக்கு ஒரு விரற்கடை கூட இருந்தால் அதிகம். இரண்டு வருடங்களுக்கு முன்பு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை அன்றிலிருந்து ஒருநாளும் தவறவிட்டதில்லை. இன்று காலை ஆறரைக்கு மனைவி சந்திரம்மா டீயோடு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. எப்போதும் பார்க்கும் டாக்டர் வந்தார். பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"நேத்து எதுனா சொன்னாராம்மா?"

"தலவலின்னாருங்க. அவ்ளோதான்," என்றாள் சந்திரம்மா.

பக்கத்தில் நின்ற சிநேகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹார்ட்தாம்மா. தூக்கத்துலயே போயிருக்காரு, கஷ்டப்படல," என்று சொல்லிவிட்டு டாக்டர் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன்பு அந்த வண்டி படாளத்தில் ஒரு கொட்டகையில், சவுக்குக் கழிகளுக்கு அடியில் கிடந்தது. தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடக்கூடிய ரகம். விளம்பரத்தைப் பார்த்துப் போனவள் சிநேகா. குட்டியானையில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது சந்திரம்மா ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"இத்தப் போட்டா பேரீச்சம்பழம்கூடக் குடுக்க மாட்டான். இதுக்கா நாவலூர் போய் கம்ப்யூட்டர்ல கண்ண அவிச்சிகினு வர?"

மோசஸ் மட்டும் டேங்கின் துருவை விரலால் தேய்த்துப் பார்த்து, "உள்ள நல்லாதான் கீது," என்றார். அவருக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். சிநேகா போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் கழற்றுவாள். மோசஸ் டார்ச் பிடிப்பார். கழற்றிய நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்துப் போட்டு, துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவார். 'கிளச் மூடி, ஏழு.' 'சைலன்சர், நாலு.' ஒரு டப்பாவில் 'தெரியாதது, மூன்று' என்றிருந்தது. ரிங் மாற்றினாள். கிளச் தட்டு மாற்றினாள். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டினாள். முதல் தடவை இன்ஜின் பிடித்து ஓடியபோது மோசஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த சந்திரம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

கடைசியாக மிஞ்சியது பின்பக்க ஷாக் அப்சார்பர். பழையது எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தது. சிநேகா வரவழைத்த புதுசு பழையதைவிட நீளம். மாட்டினால் சீட்டு இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். மண் ரோட்டில் அடி தட்டாது. சிநேகாவின் உயரத்துக்கு அது சுகமாக இருக்கும்.

"பழைய அளவுலயே ஒண்ணு கெடைக்காதா பாப்பா? எனுக்கும் காலு எட்டும்ல," என்றார் மோசஸ்.

"உனுக்கு இன்னாத்துக்கு நைனா? பின்னாடி ஒக்காந்துகினு வா. நான் ஓட்றேன்."

அவர் மறு பேச்சு பேசாமல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை முதல்முறையாகக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார்கள். சவுக்குத் தோப்புக்குள் மணல் பாதையில் சிநேகா நாலைந்து முறை போய்த் திரும்பினாள். வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் துள்ளாமல் போனது. மோசஸ் வாய்க்கால் மேல் போட்ட ஒரு சின்னக் கல்வெர்ட்டின் கல்திட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ரவுண்டு பாப்பா. அந்த மரம் வரைக்கும்."

அவள் தயங்கினாள். பிறகு கல்வெர்ட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். அவர் கல்லிலிருந்தே காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டார். போகும்போது ஒன்றுமில்லை. தோள்களை விரைப்பாக வைத்துக்கொண்டு, சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டே போய்த் திரும்பினார். பழைய இடத்திலேயே நிறுத்தப் பார்த்தார். ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. இடது காலை ஊன்ற நீட்டினார். கால் தரையைத் தொடவில்லை. வண்டி சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். கல்வெர்ட்டின் ஓரத்தில் தலை பட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது.

சிநேகா ஓடினாள். ஓடிப்போய் வண்டியைத்தான் தூக்கினாள்.

டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால்தான் என்று பிறகு தனக்குத்தானே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் வண்டியை நிமிர்த்திய பிறகும் அவள் அவர் பக்கம் போகவில்லை. கிளச் பிடி வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பெயின்ட் அடித்து ஒரு வாரமே ஆன டேங்கில் குழி விழுந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினாள். அப்புறம்தான் திரும்பினாள். நைனா மணலில் உட்கார்ந்து, பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டு, அவள் டேங்கைத் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

ரத்தம் வரவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. "அம்மாகிட்ட சொல்லாத. வண்டிய வூட்டாண்டயே சேக்காது," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சந்திரம்மா ஆபீசுக்குப் போன் செய்து, நைனா தலைவலி என்று பாதி ஷிப்ட்டிலேயே வந்துவிட்டதாகச் சொன்னாள். "மாத்திர போட்டுகினு படுக்கச் சொல்லும்மா, மீட்டிங்ல கீறேன்," என்றாள் சிநேகா. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று போனில் தேடினாள். வெளியே தெரியாமல் மண்டைக்குள் ரத்தம் கசியலாம் என்று இரண்டு வரி படித்தாள். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடப் பலமான குறட்டை. கதவருகே நின்று பார்த்தாள். நன்றாகத் தூங்குகிறவரை எதற்கு எழுப்புவது, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போனாள்.

ஓசூரிலிருந்து அண்ணன் ஜெரோம் வந்துசேர மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, செய்ய வேண்டியதையெல்லாம் செய்யத் தொடங்கினான். கோயிலில் நேரம் கேட்டு வந்தான். நாலரைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் மோசஸோடு பம்பு ஹவுசில் வேலை பார்க்கும் பூபாலன் அவனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இந்த வண்டிய மோசஸ் அண்ணாத்த காட்டாத ஆளு கெடையாதுப்பா. வாராவாரம் போட்டோ வரும். நேத்துக் காலைல வந்ததும் வராததுமா, ஓட்டிட்டேன்டா பூபாலு, ஏரோப்ளேன் மாரி கீதுடா, எம்பொண்ணு கட்னதுன்னாரு."

"நைனா ஓட்னாரா?" ஜெரோம் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அழுது சிவந்திருந்த முகத்தில் லேசாகச் சந்தோஷம் தெரிந்தது. "சொல்லவேயில்ல நீ?"

சிநேகா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதிலிருந்து ஜெரோமுக்கு அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. நைனாவின் படத்தை ஹேண்டிலில் கட்டி, மாலை போட்டு, சிநேகா வண்டியை முன்னால் ஓட்டிப் போகவேண்டும், பின்னால் அமரர் ஊர்தி வரவேண்டும். ஆலை ஆட்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். படம் கட்டச் சணல் கயிறு வந்தது. யாரோ துணியை நனைத்து டேங்கைத் துடைத்தார்கள்.

"நான் ஓட்ல," என்றாள் சிநேகா.

"ஏன்?"

"என்னால முடியாதுண்ணா."

"நைனாவுக்குச் செய்ற கடைசி மருவாத சிநேகா. எனுக்கு அந்த வண்டி ஒயரத்துக்குப் பழக்கமில்ல. நீதான் ஓட்டணும்."

"வுட்ரு. வோணாம்."

குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து சந்திரம்மா அவளைக் கூப்பிட்டாள்.

கோயிலுக்குப் போவதற்காகச் சந்திரம்மா சமையலறையில் வெள்ளைப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். மடிப்பைப் பிடித்துக்கொண்டு, ஊக்குக் குத்திவிடச் சொல்லித் தோளைக் காட்டினாள்.

"வண்டி ஏன் வோணான்ற?"

சிநேகா ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா. ஞாயித்துக்கெழம நைனா வண்டியிலேந்து வுழுந்துட்டாரு."

"தெரியும்."

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே சொல்லிட்டாரு. முட்டிக்கைக்குத் தைலம் தேச்சது யாரு? பாப்பாகிட்ட கேக்காத, அதுவே பயந்துகினு கீதுன்னாரு. நானும் கேக்கல."

"தலையிலயும் பட்டுச்சிம்மா."

சந்திரம்மா மடிப்பை ஒருமுறை கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அத்த என்கிட்ட சொல்லல அவரு. காலைல தல சீவி வுடும்போது கையில தட்டுப்பட்டுச்சி. முட்ட மாரி வீங்கிக் கெடந்துச்சி. டாக்டரு அப்பதான் தெருமொனை தாண்டியிருப்பாரு, கூப்ட்டிருக்கலாம். கூப்ட்டு இன்னா, போனவரு வரப்போறாரா? நேத்து தலவலின்னவருக்கு நான் சோடா வாங்கிக் குடுத்தேன். கேஸா இருக்கும்னு சொன்னேன்." குரல் உடையவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஜெரோமுக்கு இதெல்லாம் தெரிய வோணாம்."

"அம்மா, நான்..."

"உன்ன ஒண்ணும் சொல்லல. அவரே சொல்லிகினு இருந்தாரு. எட்டு மாசமா கட்ன வண்டி அப்டியே கெடக்குது, பெட்ரோலு ஊத்திகினு கீது, பாப்பா அத்தத் திரும்பிக்கூடப் பாக்கல, ஓடியாந்து என்னத்தான் தூக்குச்சின்னு. நாலு தபா சொன்னாரு. படுத்துகினும் சொன்னாரு." சந்திரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒண்ண நெனச்சிக்கோ. வேற எத்தையும் நெனைக்காத."

சிநேகாவின் வாய் திறந்தது. நைனா சொன்ன பொய் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றது. ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிடலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே நிம்மதி அதுதான் என்று தெரிந்தது. அது தன்னையும் காப்பாற்றுகிறது என்பதும் கூடவே தெரிந்தது. எதற்காகப் பேசாமல் நிற்கிறோம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"குத்து," என்றாள் சந்திரம்மா. சிநேகா ஊக்கைக் குத்தினாள்.

வெளியே வந்து சந்திரம்மா மகனிடம் சொன்னாள்: "வண்டி வோணாம்பா. எல்லாரும் ஒண்ணா போலாம். படத்த அவுத்து எங்கைல குடு."

ஜெரோம் ஏதோ சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்தான்.

கோயிலில் ஃபாதர் சுருக்கமாகப் பேசினார். துன்பம் தெரியாத சாவு ஒரு வரம் என்றார். கல்லறைத் தோட்டம் கடலுக்குக் கிட்டத்தில் இருந்தது. மணல் பூமி. குழியின் ஓரங்கள் சரிந்துவிடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து வெட்டியிருந்தார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். சிநேகாவின் முறை வந்தபோது அவள் அள்ளிய மணல், போடுவதற்கு முன்பே விரலிடுக்கில் பாதி ஒழுகிவிட்டது. பூபாலன் அவள் தலையில் கைவைத்து, "அழுதுரு பாப்பா," என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை.

திரும்பும்போது வேனில் பெண்கள் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். சந்திரம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், பக்கத்தில் சிநேகா. ஆலைச் சுவர் வருவதற்குள் சந்திரம்மாவின் தலை தொங்கிப்போய் மகளின் தோளில் சாய்ந்தது. வீட்டு வாசலில் வேன் நின்றது. ஒவ்வொருவராக இறங்கி, தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். ரெஜினா இறங்கும்போது அண்ணியைத் தொட்டு எழுப்பக் கை நீட்டினாள். சிநேகா வேண்டாமென்று தலையசைத்தாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு சவாரி கீதும்மா. எறங்கிக்கிறீங்களா?"

"அஞ்சு நிமிசம்ணா," என்றாள் சிநேகா.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். தெருவிளக்கு எரியத் தொடங்கியது. சிநேகாவின் தோள் மரத்துப்போயிருந்தது. சந்திரம்மா வாயை லேசாகத் திறந்து, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். சிநேகா தன் உள்ளங்கையை அம்மாவின் மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.