கல்யாணப் பர்ஸ்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கலைப்பிரியா.

"கைக்கொழந்தையாம்மா? தலையே தெரியலியே" என்றார் நடத்துநர்.

"பட்டுப் பர்ஸுண்ணா. கை வேர்வ பட்டா கறையாப் பூடும்."

"பர்ஸுக்கே இந்தத் தாலாட்டா? சரி சரி, அதுக்கு அரை டிக்கெட் கேக்க மாட்டேன்."

கோலியனூரில் தன் வீட்டிலேயே தையலும் ஆரி எம்பிராய்டரி வேலையும் செய்கிறவள் கலைப்பிரியா. திண்டிவனம் பிரபாவதி தன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிய ரவிக்கைத் துணியைப் போன வாரமே தைத்து அனுப்பிவிட்டாள். சேலையில் மிஞ்சிய அரக்குப் பட்டில் இப்போது பர்ஸ். சின்ன முத்துகளால் மல்லிகை மொட்டுகள், நடுவில் தங்கச் சரிகையில் 'இசைவாணி' என்ற பெயர். பத்து நாள் வேலை. எல்லாமே போனில் பேசியதுதான். அளவுச் சீட்டுகூடப் போனில்தான் வந்தது. பெண்ணைப் பார்த்ததில்லை. ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்வாள். காலேஜ் முடித்திருப்பாள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று.

பிரபாவதியின் வீட்டுக் கூடத்தில், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி.

"பொண்ணக் கூப்புடுங்கக்கா. கைல புடிச்சா எப்டி இருக்குதுன்னு பாத்துடலாம்."

"அதான் குந்தியிருக்காளே. ஏய், எழுந்து வா."

கலைப்பிரியா சிரித்தாள். "தங்கச்சிய வச்சி வெளையாடாதீங்கக்கா."

பிரபாவதி சிரிக்கவில்லை. "ஏது தங்கச்சி? எனக்கு இவ ஒருத்திதான். பதினஞ்சு முடியுது. நல்ல எடம், வுட முடியுமா? இரு, டீ போட்டு எடுத்தாறேன்."

அவள் உள்ளே போனாள். சிறுமி பர்ஸை வாங்கி, தன் பெயரை விரலால் தடவினாள். பிறகு அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்.

"அக்கா, இதுல ஹால் டிக்கெட் மடிக்காம நுழையுமா?"

"இன்னாது?"

"பத்தாவது பரீட்சை ஹால் டிக்கெட்டு. ஞாயித்துக்கெழம கல்யாணம், புதங்கெழம தமிழ்ப் பரீட்சை. ஸ்கூல் பேக்க அந்த வூட்டுக்கு எடுத்துக்கினு போகக் கூடாதாம். பர்ஸு மட்டுந்தான் என் கைல இருக்குமாம். அதான் கேட்டேன். ஃபோட்டோ மேல மடிப்பு வுழக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"நுழையாதும்மா" என்றாள் கலைப்பிரியா.

டீ வந்தது. கலைப்பிரியா டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள்.

"படிக்கிற பொண்ணுக்கா" என்றாள் மெல்ல.

"அதுக்கு?" பிரபாவதியின் குரல் கெட்டியானது. "மண்டபம் சொல்லியாச்சி. சமையலுக்குச் சொல்லியாச்சி. ஃபோட்டோக்காரன் வந்து இவள நிக்க வச்சி எடுத்துக்கினே போயிட்டான். ஒருத்தனும் வாயத் தொறக்கல. உனுக்கு மட்டும் இன்னா பேஜாரு? வந்தமா, வேலயப் பாத்தமான்னு இரு. இந்தத் தெருவுல என் பேச்சாலதான் உனுக்கு ஆர்டரே வருது."

பேருந்து நிலையத்துக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை எடுத்து அந்த அளவுச் சீட்டைத் தேடினாள். மார்பு இருபத்தெட்டு அங்குலம். இது வந்த அன்று அவள் என்ன நினைத்தாள்? 'சின்ன அளவு, சீக்கிரம் முடிஞ்சிடும்.' அவ்வளவுதான். ஒரு குழந்தையின் உடம்பு எண்களாக அவள் கையில் இருந்திருக்கிறது, அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். மண்டபக்காரருக்கும் ஃபோட்டோக்காரருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் நின்றது. மறுநாள் காலை பிரபாவதி போன் செய்தாள்.

"நீதான் போட்டுக் குடுத்தேன்னு தெரியும்டி. எங்க குடும்பத்துல பூந்து பேச நீ யாரு? துணி தைக்கிறவதான?"

"தைக்கிறவதாங்க்கா. அதான் அளவு எங்கிட்ட இருந்துச்சி. அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு." கலைப்பிரியா நிறுத்தவில்லை. "பெத்தவங்க மட்டும் நெனச்சா சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட முடியாதுக்கா. தச்சிக் குடுக்க ஒருத்தி, ஃபோட்டோ எடுக்க ஒருத்தன், சமைக்க ஒருத்தன் வேணும். எங்கள்ல ஒருத்தர் வாயத் தொறந்தா போதும், நின்னுடும். எங்க வேல மட்டும் பாத்துக்கினு போனா, நாங்களும் சேந்துதான் அந்தப் புள்ளயப் புடிச்சிக் குடுக்குறோம்."

"பேரு போட்ட பர்ஸ வச்சிக்கினு நான் இன்னாடி பண்றது?" என்றாள் பிரபாவதி.

"இசைவாணி கைல குடுங்கக்கா. ஹால் டிக்கெட்தான் அதுல நுழையாது. ரெண்டு பேனா தாராளமா நுழையும்."