முப்பத்தாறா, தொண்ணூற்றெட்டா?

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தபோது முதலாளி கிட்டுசாமி என் அறைக்கு வந்து திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நேராகச் செக்கிங் பகுதிக்குப் போனார். அங்கே என் அம்மா ஒச்சாயி மற்ற பெண்களோடு நின்று, தைத்து வந்த பனியன்களில் ஓட்டையும் கறையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"உன்ர புள்ள கம்ப்யூட்டரைக் கெடுத்துப்போட்டா. அவ கைவரிசைதான்னு தெரிஞ்சுதுன்னா, நாளையிலிருந்து அவளும் பிசிறு வெட்டத்தான் போகோணும்."

பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டும் அந்த மேசையிலிருந்துதான் நான் எழுந்து வந்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது நான் ஒருத்திதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்கு அலைந்தேன். சட்டையின் கை, கழுத்து, உடல் என்று ஒவ்வொரு துண்டையும் துணி வீணாகாமல் திரையில் அடுக்க வேண்டும். அதற்கு மார்க்கர் என்று பெயர். மார்க்கர் வராமல் கட்டிங் மேசையில் ஒரு துணியையும் வெட்ட முடியாது. ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒரு வாரம் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. பிறகு பாதி மார்க்கரிலேயே அணைய ஆரம்பித்துவிட்டது.

மதியம் அவிநாசியிலிருந்து மெக்கானிக் திருமூர்த்தி வந்தார். கேபினெட்டைத் திறந்து வைத்து, சூடு பார்க்க இரண்டு புரோகிராம்களை ஓடவிட்டார். ஒன்று முப்பத்தாறு டிகிரி என்றது. இன்னொன்று தொண்ணூற்றெட்டு என்றது. ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு காய்ச்சல்.

திருமூர்த்தி பிராசசரின் மேல் உட்கார்ந்திருந்த அலுமினியப் பாளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை.

"ஜில்லுனு இருக்குதுங்க. தொண்ணூத்தெட்டுன்னா விரலு வெந்து போயிருக்கும். அந்த சென்சார் பொய் சொல்லுதுங்க."

"அப்ப மெஷினு நல்லாத்தான் இருக்குது," என்றார் முதலாளி. மீதியை என்னைப் பார்த்த பார்வையிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அண்ணே, நான் வேலையைப் பாக்குறேன். நீங்களே நம்பரைப் பாருங்க," என்று சொல்லி, பெரிய மார்க்கர் ஒன்றை எடுத்து ஓடவிட்டேன். தொண்ணூற்றெட்டு நூறானது. திரை பட்டென்று இருண்டது.

திருமூர்த்தி மெதுவாகச் சொன்னார். "சும்மா கிடந்தாலும் முப்பத்தாறு, இத்தனை வேலை செஞ்சாலும் முப்பத்தாறு. ஒரு புள்ளி அசையலைங்களே. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். பொய் சொல்றது இந்த முப்பத்தாறுதானுங்க. கீழ கொதிக்குது, மேல ஜில்லுனு இருக்குது. நடுவால என்னமோ சூட்டை மறிக்குதுங்க."

நான்கு பின்களையும் திருகிப் பாளத்தைத் தூக்கினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. அறை முழுக்க வாசனை. கோயில் வாசனை.

சந்தனம்! பிராசசருக்கும் பாளத்துக்கும் நடுவில் சாம்பல் நிறப் பசை இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில், சூட்டில் கறுத்துப்போன குங்குமப் பொட்டு. திருமூர்த்தி பாளத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்லீங்க. ஈரமா இருந்த வரைக்கும் சூட்டை விட்டிருக்கும். காஞ்சதும் மறிச்சுப்போட்டுது. யாருங்க இதைச் செஞ்சது?"

முதலாளியின் முகம் வெளிறியது. நான் பார்த்தேன். ஏதோ ஞாபகம் வந்த முகம் அது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"பூசையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சது இந்தப் புள்ளதானுங்க."

ஆமாம், பொட்டு வைத்தேன். தையல் மெஷின்களுக்கு, அயர்ன் பெட்டிகளுக்கு, கம்ப்யூட்டரின் வெளித் தகட்டுக்கு. உள்ளே எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தால் கண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்து என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வாசனையைப் பிடித்துக்கொண்டு நூல் குடோனிலிருந்து முதலாளியின் மனைவி நஞ்சம்மாள் வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மறந்துபோட்டீங்களா? நீங்கதானுங்களே வெச்சீங்க. நிட்டிங் மெஷினைக் கழட்டித் தொடைக்கிற மாதிரி இதையும் கழட்டி, ஏர் கன்னுல பஞ்சு ஊதுனீங்க. பழைய கிரீசுன்னு எதையோ வேஸ்ட் துணியில வழிச்சுப் போட்டு, குளிர்ச்சியா இருக்கட்டும்னு சந்தனம் அப்புனீங்க. தட்டை நாந்தானுங்க புடிச்சுட்டு நின்னேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் மாட்டிவிட வந்ததாகவே அவருக்குத் தெரியாது. முதலாளி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருமூர்த்தி சந்தனத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, சரியான பசை தடவிப் பாளத்தைப் பூட்டினார். கம்ப்யூட்டரைப் போட்டதும், தொண்ணூற்றெட்டு காட்டிய புரோகிராம் நாற்பத்தொன்று காட்டியது. முப்பத்தாறு மட்டும் இன்னும் முப்பத்தாறாகவே இருந்தது.

"செரி கண்ணு, உக்காரு. கட்டிங்ல காத்துட்டு இருக்காங்க," என்றார் முதலாளி.

அவ்வளவுதானா? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்கார மாட்டேன் சார். காலையில எங்க நின்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களோ, அங்க போயிச் சொல்லிட்டு வாங்க."

"அம்மாவை இங்க கூப்பிடு, சொல்லிப்போடறேன்."

"இங்க வேணாம் சார். அங்க."

நஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "போயிட்டு வாங்க," என்றார்.

கிட்டுசாமி போனார். நான் கதவருகே நின்று பார்த்தேன். செக்கிங் பகுதியில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும் கையிலிருந்த பனியனை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவில்லை.

"உன்ர புள்ள மேல தப்பில்ல. தப்பு பண்ணுனது நானு," என்றார்.

அம்மா பனியனை மடித்து, நல்லது போடும் பக்கம் வைத்தாள்.

"அது எனக்குக் காலையிலயே தெரியும் சார்," என்றாள்.